போதைப்பொருள் துப்புக் கொடுப்பவருக்குச் சட்டம் எதுவரை துணை?

கஞ்சா, ஹெராயின் விற்பனை பற்றிப் போலீசுக்குத் துப்புக் கொடுத்தால் பெயர் வெளியே வராது என்பார்கள். அது பாதி உண்மைதான். தகவல் யார் மூலம் வந்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) 68-ஆவது பிரிவு. ஆனால் அதிகாரியே வாய் தவறி உளறிவிட்டால் என்ன தண்டனை என்று அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை.

பெயர் மறைந்தாலும் ஆள் மறைவதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். 42-ஆவது பிரிவின்படி, கிடைத்த தகவலை அதிகாரி எழுதி வைத்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) வக்கீல் முதலில் கிளறுவது இந்தக் காகிதத்தைத்தான். இதில் ஓட்டை இருந்தால் வழக்கே படுத்துவிடும். ‘மாடியில் பின்பக்க அறை, அரிசி மூட்டைக்கு அடியில்’ என்று அதில் இருந்தால், அந்த அறைக்குள் போய்வந்தவர்கள் யார் யார் என்று கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? சோதனைக்குத் தேவையானதை மட்டும் எழுதும்படி அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மகஜர் (கைப்பற்றிய பொருளைப் பதியும் ஆவணம்) சாட்சியாகச் சேர்க்க வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாட்சியின் பெயர் குற்றப்பத்திரிகையில் ஏறி, எதிரியின் கைக்கே நகலாகப் போய்ச் சேரும்.

தகவல் சொல்வது வேறு, ‘நீயே போய் வாங்கிக்கொண்டு வா’ என்று அனுப்பப்படுவது வேறு. இரண்டாவதுதான் உயிருக்கே உலை வைப்பது. ஏற்கெனவே சிறு வழக்கில் சிக்கியவர்களிடம்தான், கேஸை விட்டுவிடுகிறோம் என்று சொல்லி இதைக் கேட்பது எளிது. அந்த வாக்குறுதியை நம்பாதீர்கள். 64-ஆவது பிரிவின் கீழ் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரம் மத்திய, மாநில அரசுகளுக்குத்தான் உண்டு. அதுவும் காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, முழு உண்மையையும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. இன்ஸ்பெக்டரின் வாய்ச்சொல் அந்த விலக்கு ஆகாது. பையில் சரக்கோடு வேறொரு படையிடம் மாட்டினால், அது எப்படி வந்தது என்று விளக்கும் சுமை 54-ஆவது பிரிவால் உங்கள் தலையில் விழும். இறங்கும் முன் வக்கீல் ஒருவரைப் பார்ப்பது அவசியம்.

வெகுமதி உண்டு; ஆனால் உரிமையாகக் கேட்க முடியாது, அரசு மனமுவந்து தருவது. பகை தீர்க்கப் பொய்த் தகவல் கொடுத்து, அதனால் கைதோ சோதனையோ நடந்தால் 58-ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை.

மிரட்டல் வந்தால், உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் சட்டமாக ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் கைகொடுக்கலாம். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றம் பற்றிய தகவல் வைத்திருக்கும் எவரும் அதில் சாட்சிதான். நீதிமன்றக் கூண்டில் ஏறியிருக்க வேண்டியதில்லை. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். மிரட்டல் எவ்வளவு கடுமையானது என்ற அறிக்கையை ஐந்து வேலை நாளில் தருபவர் உங்கள் பகுதி டி.எஸ்.பி. அல்லது உதவி ஆணையர். கசிவே அந்தப் பகுதி நிலையத்திலிருந்துதான் என்று சந்தேகித்தால், அதை மனுவிலேயே எழுதுங்கள். பாதுகாப்பு ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் கிடைக்காது; அது முடியும் முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும்.

தெரிந்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்க நினைப்பவர்கள் போதைப்பொருள் தடுப்புக்கான தேசிய உதவி எண் 1933-ஐ அழைக்கலாம். பெயர் சொல்லத் தேவையில்லை.