நல்ல நுரையீரலுக்குக் காவல்

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நெஞ்சில் அடிபட்டு விழுந்தவருக்கு ஓடிவருபவர்கள் முதலில் தண்ணீர்தான் கொடுக்கிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். கடைசியாக எப்போது சாப்பிட்டார், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா, பல்செட் உண்டா என்று டாக்டரிடம் சொன்னால் அதுவே பெரிய உதவி.

ஒரு நுரையீரலுக்குள் ரத்தம் கொட்டினால், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம் வழியாக நல்ல பக்கத்துக்கும் வழியும். அப்போது ஆளைக் கொல்வது பெரும்பாலும் ரத்த இழப்பு அல்ல, மூச்சடைப்பு. இரு பக்கத்தையும் தனித்தனியாகப் பிரிக்கத்தான் டபுள் லூமன் டியூப், அதாவது உள்ளே இரண்டு வழிகள் உள்ள மூச்சு டியூப். ஆனால் டாக்டர்களே, அவசரத்தில் எடுத்தவுடன் அதைக் கையில் எடுப்பது சரியல்ல. தடிமனான, விறைப்பான டியூப் அது. கழுத்தில் காலரும் வாயில் ரத்தமும் இருக்கும்போது திணறிக்கொண்டே நிமிடங்கள் போய்விடும். சக்‌ஷன் போட்டு, 8 நம்பர் சாதா டியூபை இறக்கி மூச்சுவழியைப் பிடித்துவிடுங்கள். அதன் வழியாகவே, ரத்தம் வரும் பக்கத்தைப் பலூனால் அடைக்கும் 9 ஃபிரெஞ்ச் அளவு பிளாக்கர் போகும். பிளாக்கர் பலூன் நழுவும், ரத்தக்கட்டியை அதன் வழியே உறிஞ்சவும் முடியாது. இருந்தாலும் உயிர் கையில் இருக்கும்.

டபுள் லூமன் போடுவதானால் பெரும்பாலும் இடப்பக்க டியூப்தான். வலப்பக்கம் மேல் மடலுக்கான கிளை 2 செ.மீ.க்குள்ளேயே பிரிவதால் டியூபின் கஃப் (காற்றடைக்கும் பலூன்) அதை அடைத்துவிடும். 170 செ.மீ. உயரமானவருக்கு ஏறக்குறைய 29 செ.மீ. ஆழம், உயரம் 10 செ.மீ. கூடினால், குறைந்தால் 1 செ.மீ. மாறும். மூச்சுக்கிளைக்குள் இருக்கும் நீலக் கஃபுக்கு 1 அல்லது 2 மி.லி. காற்று போதும். அள்ளி ஊதினால் மூச்சுக்கிளையே கிழியும்.

அறுவைக்காகப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்ததும் ஸ்கோப் (மூச்சுக்குழாயின் உள்ளே பார்க்கும் கருவி) விட்டு மறுபடி பாருங்கள், டியூப் நகர்வது அங்கேதான். ஆக்சிஜன் அளவு இறங்கினால் முதல் சந்தேகம் வென்டிலேட்டர் மேல் அல்ல, டியூப் மேல். ஒற்றை நுரையீரலுக்கு மூச்சளவு கிலோவுக்கு 4 முதல் 6 மி.லி. போதும்.

நெஞ்சில் நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்திருந்தால் வென்டிலேட்டருக்கு முன்பே நெஞ்சுக்குழாய் தேவை. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு அனுப்பும்போது அதில் கிளாம்ப் (இடுக்கி) போட்டு மூடக்கூடாது. உடன் வருபவர்களே, அந்தக் குழாய் போய்ச் சேரும் தண்ணீர் பாட்டிலை ஸ்ட்ரெச்சர் மேல் தூக்கி வைக்காதீர்கள். நெஞ்சுக்குக் கீழேயே இருக்கட்டும். குழாயில் தண்ணீர் மூச்சோடு ஏறி இறங்குவது திடீரென நின்றால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்: குழாய் மடங்கியிருக்கலாம், ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம்.