மூச்சும் பாட்டில் சேர்த்தி: ஜீன் லீயின் குரல்

1969 ஆகஸ்டில் பாரிஸில் நடந்த ஒரு ஒலிப்பதிவு. சாக்ஸபோன் கலைஞர் ஆர்ச்சி ஷெப்பின் குழு வாசிக்கிறது. பியானோவும் பாஸும் ஒரே சிறு வட்டத்தை மெதுவாகச் சுற்றிச் சுற்றி வருகின்றன. இரண்டு மவுத் ஆர்கன்கள் நடுவே புகுந்து போகின்றன. அதற்கு மேல் ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல், 'ப்ளாஸே' என்கிறது. எல்லாவற்றிலும் நாட்டம் விட்டுப்போனவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. கொஞ்ச நேரம் கழித்து அதே சொல் திரும்ப வருகிறது. அப்புறம் இன்னொரு முறை.

ஹெட்போனில் இதை முதன்முதலாகக் கேட்டபோது பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட்டேன். இரண்டு அசைச் சொல் ஒன்றுக்குள் இவ்வளவு நடக்கிறதே என்ற வியப்பு எனக்கு இன்றும் தீரவில்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் அமெரிக்க ஜாஸ் பாடகி ஜீன் லீ. அந்தச் சொல்லையே பிரித்துப் பார்த்தால் மனிதக் குரல் எப்படி வேலை செய்கிறது என்பதில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

லீ 1939இல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா தேவாலயங்களிலும் கச்சேரி மேடைகளிலும் பாடியவர். பார்ட் கல்லூரியில் லீ படித்தவை இலக்கியம், குழந்தை உளவியல், நடனம். இந்த மூன்றும் பிற்பாடு அவர் பாடிய விதத்தில் வந்து சேர்ந்தன என்பது என் எண்ணம். அங்கேதான் பியானோ கலைஞர் ரான் பிளேக் அவருக்கு அறிமுகமானார். ஹார்லெமின் அப்போலோ அரங்கில் புதியவர்களுக்காக நடக்கும் போட்டியில் இருவரும் வென்றார்கள். 1961 கடைசியில் ஆர்சிஏ நிறுவனத்துக்காக ஒரு இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் கிடையாது. பெரும்பாலான பாடல்களில் பியானோவும் குரலும் மட்டும்தான், மீதி இடமெல்லாம் மௌனம். அமெரிக்காவில் அது பெரிதாக எடுபடவில்லை, ஐரோப்பாவில் காது கொடுத்தார்கள். 1963இல் அங்கே சுற்றுப்பயணம் போன லீ, 1967இல் மறுபடியும் ஐரோப்பா சென்று ஜெர்மன் கலைஞர் குன்டர் ஹாம்பெலுடன் பல ஆண்டுகள் இசைத்தார்.

சரி, சொல்லுக்கு வருவோம். முதல் ஒலி 'ப்'. ஆனால் இது 'பாலம்' என்பதில் வரும் ப் அல்ல, 'பாம்பு' என்பதில் இரண்டாவதாக வரும் ப். தொண்டைச் சங்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு 'பாம்பு' என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ப்-இல் விரலடியில் அதிர்வே இருக்காது. இரண்டாவதில் உதடு மூடியிருக்கும்போதே தொண்டை அதிரும். உதடு அடைத்திருப்பதால் காற்று வாய்க்குள்ளேயே சேர்கிறது. வாயின் அழுத்தம் நுரையீரலின் அழுத்தத்தை எட்டிவிட்டால் காற்றோட்டம் நின்று அதிர்வும் அடங்கிவிடும். அதற்குள் உதட்டைத் திறந்தாக வேண்டும், திறந்தால் சிறு வெடிப்பு. நம் இலக்கணம் வல்லினம் என்று தனியாகப் பிரித்து வைத்த எழுத்துகள் இப்படி அடைத்துத் திறப்பவை. பாடகரின் வாய்க்குள் இருக்கும் தாளக் கருவி என்றே அவற்றைச் சொல்லலாம்.

அதிர்வது எது? குரல் நாண்கள் என்கிறோம். பெயரைக் கேட்டால் வீணைத் தந்தி போல ஏதோ கட்டியிருப்பதாகத் தோன்றும். உண்மையில் அவை குரல்வளையின் இரு பக்கத்திலும் இருக்கும் சதை மடிப்புகள், பெண்களுக்கு ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராது. உள்ளே தசை, அதன் மேல் கூழ் போன்ற அடுக்கு, வெளியே மெல்லிய தோல். உள்தசை விறைப்பாக இருக்க, மேல்தோல் அலை அலையாக நெளிகிறது என்பதை 1970களில் விளக்கியவர் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ.

ஒவ்வொரு அதிர்வுக்கும் மூளை தனித்தனியாக உத்தரவு போடுகிறது என்று 1950இல் பிரான்சின் ராவுல் யூசோன் வாதிட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எந்தத் தசையும் நொடிக்கு ஆயிரம் முறை சுருங்கி விரிய முடியாதே. உடலிலிருந்து எடுத்த குரல்வளைக்குள் காற்றை ஊதினாலே அது ஒலி எழுப்புகிறது, அங்கே மூளையும் இல்லை நரம்பும் இல்லை. இன்று நாம் ஏற்கும் விளக்கத்தை 1958இல் தெளிவாக வகுத்தவர் நெதர்லாந்தின் யான்வில்லம் வான் டென் பெர்க். தசைகள் இரண்டு மடிப்புகளையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். கீழிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது. இடுக்கில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, சதையின் மீள்தன்மையும் சேர்ந்து மடிப்புகளை மறுபடி மூடுகிறது. ஓடும் பேருந்தில் ஜன்னல் திரை வெளிப்பக்கமாக இழுபட்டுப் படபடப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே கதைதான். ஒரு பெண் 220 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 220 அதிர்வுகளில், ஒரு சுரத்தை ஒரு நிமிடம் பாடினால் இந்த மடிப்புகள் 13,200 முறை ஒன்றோடொன்று மோதியிருக்கும்.

மடிப்புக்குள் இருக்கும் தசை சுருங்கினால் மடிப்பு குட்டையாகி, தடித்து, சுரம் இறங்கும். குரல்வளையின் முன்பக்கத்தில் இருக்கும் இன்னொரு தசை இழுத்தால் அது நீண்டு, மெலிந்து, சுரம் ஏறும். லீயின் குரல் கீழ் ஸ்தாயியில் ஊன்றியது, இருண்டது, வெதுவெதுப்பானது. அங்கிருந்து ஒரு சுரத்தை மெல்ல வழுக்கி மேலே கொண்டுபோகும்போது, அந்த இரண்டு தசைகளும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் பிடியை மாற்றிக்கொள்கின்றன. அது எங்கேயும் உடையாமல் நடப்பதற்கு எத்தனை வருடப் பழக்கம் வேண்டும் என்று பாடியவர்களுக்குத் தெரியும்.

அடுத்து உயிரெழுத்து. எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். குரல் இல்லாமல், வெறும் கிசுகிசுப்பாக 'ஊ, ஓ, ஆ, ஏ, ஈ' என்று வரிசையாகச் சொல்லுங்கள். கிசுகிசுக்கும்போது குரல் நாண்கள் அதிர்வதில்லை, அதனால் சுரம் என்று ஒன்று இருக்கவே கூடாது. ஆனாலும் கீழிருந்து மேலே ஏறும் ஒரு மெட்டு கேட்கிறதா? தொண்டையிலிருந்து உதடு வரையுள்ள குழாய்தான் அதற்குக் காரணம். வாயின் வடிவம் மாற மாற, அந்தக் குழாய் எந்த அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கிறது என்பதும் மாறுகிறது. இப்படித் தூக்கிக் கொடுப்பதுதான் ஒத்ததிர்வு. ஊ சொல்லும்போது கீழிருந்து இரண்டாவது ஒத்ததிர்வு 900 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால், ஈ சொல்லும்போது அது 2,500ஐத் தாண்டிவிடும். இப்படித் தூக்கிக் கொடுக்கப்படும் இடங்களை ஒலியியலில் ஃபார்மன்ட் என்பார்கள். இரண்டு பேர் ஒரே சுரத்தில் ஆ என்றும் ஈ என்றும் பாடினால் நமக்கு வேறுபாடு தெரிவது இவற்றால்தான்.

ஆக, எந்தச் சொல்லை எடுத்தாலும் இசையமைப்பாளர் மெட்டுப் போடுவதற்கு முன்பே அதற்குள் ஒரு மெட்டு இருக்கிறது. பெரும்பாலான பாட்டுகளில் மேலே போடும் மெட்டு அதை மூடிவிடும். லீ அதை மூடவில்லை என்பதே அவர் செய்த பெரிய காரியம். 'ப்ளாஸே'யில் ஆ-விலிருந்து ஏ-க்குப் போகும்போது அந்த இரண்டாவது ஒத்ததிர்வு சுமார் 1,200இலிருந்து 2,000க்கு மேல் ஏறுகிறது. பேச்சில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். லீ இழுத்துச் சொல்லும்போது, அந்த ஏற்றம் காதுக்குப் பிடிபடும் அளவுக்கு நீள்கிறது.

நடுவில் இருக்கும் மெய்யொலி, எழுத்தில் ஸ் என்று எழுதினாலும் வண்டு ரீங்காரம் போல ஒலிக்கும் 'இஸட்'. பல்லிடுக்கில் காற்றின் சீறல், தொண்டையில் அதிர்வு, இரண்டும் ஒரே நேரத்தில். கடைசி ஏ மெல்ல மெல்ல மூச்சாகக் கரையலாம். நாண்கள் முழுதாக மூடாமல் சிறு இடைவெளி விட்டால், அதன் வழியே கசியும் காற்று சுழித்து இரைச்சலாகிறது. சுரத்தோடு இந்த இரைச்சல் எந்த அளவுக்குக் கலக்கிறது என்பதில்தான் நெருக்கம், களைப்பு, ஏளனம் எல்லாம் இருக்கிறது. இந்த இரைச்சலைக் குறையாகப் பார்க்கும் பாட்டு வகுப்புகள் நிறைய. லீ அதை ஒரு நிறமாக வைத்துக்கொண்டார்.

ஜாஸில் சொல்லில்லாமல் பாடுவது புதிதல்ல. 1926இலேயே லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பதிவு ஒன்று அதைப் பிரபலமாக்கியது, பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். அந்த மரபில் பாடகர் பொருளற்ற அசைகளை வைத்து டிரம்பெட் போல, சாக்ஸபோன் போல வாசிப்பார். லீயின் பாதை வேறு. பொருளுள்ள சொல்லை எடுத்துக்கொண்டு, அது ஒலியாக உதிரும்வரை திரும்பத் திரும்பச் சொல்வார். பொருளும் முழுதாகப் போய்விடாது.

திரும்பச் சொன்னால் பேச்சு பாட்டாவது ஏன்? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் உளவியலாளராக இருந்த டயானா டாய்ச், 1995இல் தன் பேச்சுப் பதிவு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு சிறு தொடரை மட்டும் சுழலவிட்டுவிட்டு வேறு வேலையில் இறங்கியவருக்கு, யாரோ அறையில் பாடுவது போலக் கேட்டது. பதிவில் ஒரு துளியும் மாறவில்லை, மாறியது கேட்கும் விதம். முதல் தடவை கேட்கும்போது மூளை பொருளைத் தேடிப் போகிறது. பொருள் கிடைத்தபின் அதே ஒலி மறுபடியும் வந்தால், ஏற்ற இறக்கத்தையும் கால அளவையும் கவனிக்க நேரம் கிடைக்கிறது. உங்கள் கைப்பேசியில் ஒரு வாக்கியத்தைப் பதிந்து, அதில் நாலு சொல்லை மட்டும் வெட்டிப் பத்து முறை ஓடவிட்டால் இதை நீங்களே கேட்கலாம்.

இத்தனை மெல்லிய ஒலிகள் நமக்கு வந்து சேர்வது மைக்கால்தான். வாய்க்கும் மைக்குக்கும் இடையே பத்து சென்டிமீட்டர் இருந்ததை ஐந்தாக்கினால் ஒலி சுமார் 6 டெசிபல் கூடுகிறது. ஒரு திசையை நோக்கிக் கேட்கும் வகை மைக் என்றால், நெருங்க நெருங்கக் கீழ் ஒலிகள் கூடுதலாகத் தடித்துக் கேட்கும். கிட்டத்தில் வந்து மெதுவாகப் பாடும் கனத்த குரலுக்கு இதைவிடத் தோதான கருவி இல்லை.

நடனம் படித்தது எங்கே உதவியது என்று கேட்டால், மூச்சில் என்பேன். ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, குமிழி வரும்வரை ஊதுங்கள். சாதாரணமாகப் பேசுவதற்கு நுரையீரல் தர வேண்டிய அழுத்தம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சின்ன அழுத்தம், ஆனால் அதை ஒரே அளவில் பிடித்து வைப்பது கஷ்டம். நிறைய மூச்சை இழுத்ததும் நுரையீரல் ஊதிய பலூன் போலத் தானாகச் சுருங்கப் பார்க்கும், அப்போது விலாத் தசைகள் அதைத் தடுத்து நிறுத்த வேண்டும். மூச்சு தீரும் நேரத்தில் வயிற்றுத் தசைகள் தள்ளிவிட வேண்டும். ஒரு நீண்ட சுரத்தின் நடுவில் இந்தக் கைமாற்றம் நடப்பது கேட்பவருக்குத் தெரியவே கூடாது. இது முதுகெலும்பும் தோளும் இடுப்பும் சேர்ந்து செய்யும் வேலை. 1974இல் லீ தன் பெயரில் பதிவு செய்த இசைத்தட்டுக்கு 'கான்ஸ்பிரசி' என்று பெயர். சதி என்று இன்று பொருள்படும் அந்தச் சொல்லின் லத்தீன் வேர், சேர்ந்து மூச்சு விடுவது.

கற்பித்தலை அவர் ஓரமாக வைத்திருந்த தொழிலாக எண்ணிவிட வேண்டாம். 1972இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1976இல் அமெரிக்காவின் இருநூறாம் ஆண்டுக்காக இசையமைப்பாளர் ஜான் கேஜ் எழுதிய படைப்பில் பாடினார். பின்னாளில் பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி, நெதர்லாந்தில் ஹேக் நகரத்து ராயல் கன்சர்வேட்டரி ஆகிய இசைக் கல்லூரிகளில் ஆசிரியராக இருந்தார். 1999இல் குழந்தைகளுக்காக ஜாஸின் கதையைப் புத்தகமாக எழுதினார். அடுத்த ஆண்டு, 2000 அக்டோபர் 25 அன்று, மெக்சிகோவில் புற்றுநோயால் காலமானார். வயது 61.

1994இல் பியானோ கலைஞர் மால் வால்ட்ரனோடு அவர் செய்த ஒரு பதிவு இருக்கிறது. மறுபடியும் பியானோவும் குரலும் மட்டும். அதையும் 1961 பதிவையும் அடுத்தடுத்து கேளுங்கள். இடையில் 33 ஆண்டுகள். ஐம்பதைத் தாண்டும்போது பெண்களின் குரல் நாண்கள் சற்றுத் தடித்துச் சுரம் கொஞ்சம் இறங்கும், குரல்வளையின் குருத்தெலும்பும் மெல்ல இறுகும். ஒலியைக் கூட்டி வைத்து, வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு இழுக்கும் இடங்களையும் விடாமல் கேளுங்கள்.