மணல்தானே தட்டியது என்று சொல்லாதீர்கள்

போன வாரம் மறுபடியும் அதே கதை. பந்தயத்தில் ஓடிய நாற்பதடிப் பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வந்திருந்தது. வாங்குகிறவர் என்னைச் சர்வே பார்க்கக் கூப்பிட்டார். உள்ளே, கீலின் (படகின் அடியில் துடுப்புபோல் நீண்டு நிற்கும் கனமான இரும்பு) பின்முனைக்கு நேர் மேலே, முடி போல ஒரு விரிசல். எப்போது தரைதட்டியது என்று கேட்டதும் விற்பவருக்குக் கோபம் வந்துவிட்டது. தட்டவே இல்லையாம். ஒரு தடவை மணலில் லேசாக உட்கார்ந்ததாம், அதெல்லாம் கணக்கா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கணக்குதான்.

இங்கிலாந்தின் சொலண்ட் நீரிணையில் பந்தயம் ஓட்டி, மண்ணைத் தொடாதவர் அபூர்வம். நடுவிலேயே பிராம்பிள்ஸ் மணல்திட்டு கிடக்கிறது. வற்றம் மிகக் குறையும் நாளில் அதன் மேல் கிரிக்கெட்டே ஆடுகிறார்கள். ஆகவே தட்டியதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. மறைப்பதைத்தான் சொல்கிறேன்.

‘பெயின்ட்கூட உரியவில்லை, பிறகென்ன’ என்பார்கள். எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் வாக்கியம் இதுதான். பாறையில் மோதினால் கீலின் அடியில் தழும்பு விழும், யாரும் மறைக்க முடியாது. மணல் தழும்பு வைக்காது. ஆனால் மணிக்கு ஏழு கடல்மைல் வேகத்தில் வந்த கீலின் அடிநுனி சட்டென்று நிற்கும்போது, மேலே உள்ள பல டன் படகு நிற்பதில்லை, முன்னே போகப் பார்க்கிறது. கீல் நெம்புகோலாகி, அதன் பின்முனை படகின் அடித்தளத்தை மேலே குத்துகிறது. முன்முனை கீழே இழுக்கிறது. அடி விழுந்தது இரும்பில்தான், உடைவது உள்ளே இருக்கும் ஃபைபர். வெளியே நின்று பெயின்டைப் பார்த்து என்ன தெரியும்?

பழைய நீளக் கீல் படகுகளில் இந்தத் தொல்லை குறைவு. 1963இல் பில் லேப்வொர்த் வடிவமைத்த கேல் 40 கீலையும் சுக்கானையும் தனித்தனியாகப் பிரித்து ஜெயித்துக் காட்டியது. அப்புறம் எல்லோரும் கீலை ஒடுக்கி ஆழமாக்கிக்கொண்டே போனார்கள். வேகம் கூடியது, கீல் படகைப் பற்றியிருக்கும் இடம் சுருங்கியது. 1985 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில், பாடகர் சைமன் லெ பானின் ‘டிரம்’ படகு கார்ன்வால் கரையோரம் கீல் முறிந்து கவிழ்ந்தது. ரான் ஹாலண்ட் வடிவமைப்பு. அங்கே தரைதட்டல் இல்லை, முறிந்தது கீலின் உலோகம். உள்ளே சிக்கியவர்கள் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள். புதுக் கீல் போட்டு, செப்டம்பரில் விட்பிரெட் உலகச் சுற்றுப் பந்தயத்துக்கே கிளம்பி மூன்றாவதாக வந்தார்கள். கரைக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் நடந்ததால் கிடைத்த அதிர்ஷ்டம்.

‘சீக்கி ரஃபிக்கி’ என்ற படகுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ஃபார் நிறுவனத்தின் வடிவமைப்பில் பெனட்டோ கட்டிய ஃபர்ஸ்ட் 40.7 ரகம். பந்தயத்துக்கும் குடும்பத்தோடு போவதற்கும் ஆகும் என்று நன்றாக விற்ற படகு, இன்றும் நல்ல ஓட்டம்தான். இதில் அடித்தளத்துக்கு வலுத்தரும் ஃபைபர் சட்டத்தைத் தனியே வார்த்து உள்ளே பசையால் ஒட்டியிருப்பார்கள். அந்தப் படகு 2014 மே மாதம் ஆன்டிகுவா பந்தயம் முடிந்து சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பும் வழியில், நடு அட்லாண்டிக்கில், தண்ணீர் ஏறுகிறது என்று கரைக்குத் தகவல் அனுப்பியது. பிறகு கவிழ்ந்து கிடந்த படகு மட்டும் கிடைத்தது, கீல் இல்லை. உயிர்காப்பு மிதவை வைத்த இடத்திலேயே இருந்தது. படகில் இருந்த நான்கு பேரும் உயிரிழந்தார்கள். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு, முந்தைய தரைதட்டல்களும் அவற்றுக்குச் செய்த பழுதுகளும் சேர்ந்து கீல் பற்றும் இடத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது. லேசான தட்டல்கூடச் சட்டத்தின் ஒட்டை வெளியே தெரியாமல் பிரிக்கக்கூடும் என்றும் சொன்னது.

கீலைப் படகோடு பிணைக்கும் போல்ட்டை இறுக்கிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு: பசை விட்டுப்போன இடத்தில் போல்ட் எதைப் பிடிக்கும்? (சர்வேயர் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார் என்றும் நம்ப வேண்டாம். பாதி ஒட்டு மரச்சாமான்களுக்கும் தண்ணீர்த்தொட்டிக்கும் அடியில் இருக்கிறது. அவற்றைக் கழற்றச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.)

தட்டினால் அன்றைக்கே லாக் புத்தகத்தில் (படகின் பயணக் குறிப்பேடு) எழுதுங்கள்: இடம், வேகம், எப்படி மீண்டது. படகை அடுத்து ஓட்டும் ஸ்கிப்பரிடமும் வாங்குகிறவரிடமும் வாயைத் திறந்து சொல்லுங்கள். தரைப்பலகையைத் தூக்கிக் கீலின் பின்முனைப் பக்கம் டார்ச் அடியுங்கள், விரிசல், துருக்கறை, பசை பிரிந்த கோடு ஏதாவது இருக்கிறதா என்று. பலமாகத் தட்டியிருந்தால் கிரேனில் தூக்குங்கள், தொங்கும்போதே கீலின் நுனியைத் தோளால் தள்ளிப் பாருங்கள். மேலே இணைப்பு அசைந்தால் கடலுக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான். பில்ஜில் (தரைப்பலகைக்குக் கீழே உள்ள அடிக்குழி) தண்ணீர் நின்றால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பாக இருந்து, வரும் வழி தெரியாவிட்டால் கீலைச் சந்தேகியுங்கள்.

நடுக்கடலில் அப்படி ஆனால் பாயைக் குறையுங்கள், உடனே உதவி கேளுங்கள், மிதவையை எட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தூங்குகிறவர்களை எழுப்பி, உயிர்காப்பு அங்கி போட்டு மேல்தளத்துக்கு வரச் சொல்லுங்கள்.