ஊஞ்சல் கிளையும் செம்புக் கோடும்

மட்டக்களப்பு வாவியில் வலை விடுபவர்களுக்கு வலைக்கண்ணின் அளவுதான் முதல் கணக்கு. செவுளில் மாட்டும் பருமனுள்ள மீன் அகப்படும். சின்னது கண்ணுக்குள்ளால் ஓடிவிடும். பெரியது முட்டித் திரும்பும். நடுத்தரத்தை மட்டும் தெரிந்தெடுக்கும் இந்த வேலையைத்தான் நுண்ணலைச் சுற்றுகளில் பட்டை வடிகட்டி செய்கிறது. ஒரு மீடிறன் (அதிர்வெண்) பட்டையை உள்ளே விட்டு, மேலும் கீழும் உள்ளதைத் திருப்பி அனுப்பும்.

மைக்ரோஸ்ட்ரிப் வடிகட்டியில் தெரிவு செய்வது செம்புக் கோட்டின் நீளம். பலகையின் அடியில் முழுச் செம்புத் தகடு, மேலே மெல்லிய செம்புக் கோடு, அவ்வளவுதான். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை வெற்றுவெளியில் 125 மில்லிமீற்றர் நீளம். 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள எஃப்ஆர்-4 என்ற கண்ணாடியிழைப் பலகையில் வேகம் குறைவதால் ஏறக்குறைய 68 ஆகச் சுருங்கும். அதில் பாதி, 34 மில்லிமீற்றர் கோட்டை வெட்டினால், அலை இரு முனைக்கும் போய்வந்து தன்னைத் தானே வலுப்படுத்தும். அதுதான் பரிவு.

ஒரு கோடு போதாது. சித்திரை வருசத்துக்கு ஒரே மரக்கிளையில் இரண்டு ஊஞ்சல் கட்டிப் பாருங்கள். கயிறு ஒரே நீளமென்றால், ஒன்றை ஆட்டச் சும்மா தொங்கிய மற்றதும் கொஞ்ச நேரத்தில் ஆடும். கிளை எவ்வளவுக்கு வளைந்து கொடுக்கிறதோ, அவ்வளவு விரைவாக ஆட்டம் கைமாறும். இணைப்பு இறுக இறுக, ஒன்றாயிருந்த பரிவு மீடிறன் இரண்டாகப் பிரிந்து விலகும். அந்த விலகலே பட்டையை அகலமாக்குகிறது.

செம்பில் கிளையின் வேலையைச் செய்வது இரு கோடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி. அகலப் பட்டை வேண்டுமென்றால் நெருக்க வேண்டும். நான் 0.15 மில்லிமீற்றர் இடைவெளி வரைந்து, பெரிக் குளோரைட்டில் அரித்து எடுத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். இரண்டு இடத்தில் மயிரிழைபோலச் செம்பு ஒட்டிக்கிடந்தது. மற்ற இடத்தில் கரைசல் ஓரத்தைத் தின்று இடைவெளி அகன்றிருந்தது. பிளேடால் சுரண்டியும் பட்டை ஒடுங்கித்தான் வந்தது.

2002இல் அமெரிக்கா 3.1 முதல் 10.6 கிகாஹேர்ட்ஸ் வரை அதியகலப் பட்டையைத் திறந்துவிட்டபோது, கோடுகளை வெறுமனே நெருக்கிச் சமாளிக்க முடியாமல் போனது. 2005இல் லெய் சூ, ஷெங் சுன், வொல்ஃப்காங் மென்செல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது: பல கோடுகளுக்குப் பதில், பல பரிவுள்ள ஒரே கோடு. நடுவில் அரை அலைநீளத்துக்கு அகன்ற பகுதி, இரு பக்கமும் கால் அலைநீளத்துக்கு ஒடுங்கிய வால். ஒரே அகலமான கோட்டில் முதல் மூன்று பரிவுகளும் தூரத் தூர நிற்கும். நடுவை அகட்டியதும் முதலாவது மேலேயும் மூன்றாவது கீழேயும் நகர்ந்து, மூன்றும் ஒரே பட்டைக்குள் அடங்குகின்றன. உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் இறுக்கமான இணைப்பு அப்போதும் தேவைதான். அந்த இடத்துக்கு நேர்கீழே அடித்தகட்டில் ஒரு திறப்பு வெட்டினால், இடைவெளியை அவ்வளவு ஒடுக்காமலே இணைப்புக் கூடும்.

அளவைக் குறைக்க, அரை அலைக் கோட்டைக் கொண்டை ஊசிபோல வளைப்பது பழைய வழி. இரு கைகளும் மிக நெருங்கினால் அவை ஒன்றோடொன்று இணைந்து கணக்கைக் குழப்பும்.

கல்லடிக் கடற்காற்றில் பூச்சில்லாத செம்பு பச்சை பிடிக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு ஆழத்தில்தான் ஓடுகிறது. கோட்டின் ஓரங்களில் இன்னும் செறிவாக. அந்த ஓரங்கள் அரிபட்டால் இழப்புக் கூடும். காப்புப் பூச்சுப் பூசினாலோ அலை இன்னும் சற்றுச் சுருங்கி, பட்டை கீழே இறங்கும். ஆகவே நீளத்தைக் கணக்கிடும்போதே பூச்சையும் சேர்த்துக் கணக்கிட்டு, கோட்டைச் சற்றுக் குட்டையாக வரையுங்கள்.