சூடான கடலில் மட்டி வேகமாக வளருமா?

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கெட்டி ஓட்டு மட்டி ஒன்று உண்டு. மெர்செனாரியா மெர்செனாரியா என்பது அதன் அறிவியல் பெயர். புளோரிடாவின் சீடார் கீ பண்ணைகளில் குஞ்சு விட்டால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் விற்பனைக்குத் தேறிவிடும். அதே மட்டி மாசசூசெட்ஸில் அந்த அளவுக்கு வர மூன்று ஆண்டு, சில இடங்களில் அதற்கு மேலும் ஆகிறது.

மட்டிக்கு உடல் வெப்பம் என்று தனியாக எதுவும் இல்லை. சுற்றியுள்ள தண்ணீரின் வெப்பமே அதன் வெப்பம். செவுளில் உள்ள நுண்மயிர்கள் அசைந்து தண்ணீரை உள்ளே இழுக்க, அதிலுள்ள நுண்பாசி வடிகட்டப்பட்டு இரையாகிறது. தாங்கும் எல்லைக்குள் 10 டிகிரி கூடினால் உடலின் இயக்கம் சுமார் இரு மடங்காகும். இந்த மட்டிக்கு 20 டிகிரியை ஒட்டிய தண்ணீர் நன்றாக ஒத்துப்போகும். 8, 9 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே வடக்கில் அது பின்தங்குவதற்குப் பெரிய காரணம் தினசரி வேகம் அல்ல, வளரக் கிடைக்கும் நாட்கள் குறைவு என்பதுதான். குளிர்காலம் முழுக்க ஓட்டை மூடிக் கிடந்தால் எப்படி வளரும்?

அதற்காக வெப்பம் ஏற ஏற லாபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வளர்ச்சி என்பது வரவில் செலவு போக மிஞ்சுவது. இரை வரவு, சுவாசம் செலவு. வெப்பம் ஏறும்போது முதலில் இரண்டும் கூடும். ஓர் எல்லைக்குப் பிறகு இரை எடுப்பது சரியும், சுவாசச் செலவோ ஏறிக்கொண்டே போகும். போதாததற்கு, 10 டிகிரிக் கடல்நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவில் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 6 மில்லிகிராமை ஒட்டித்தான் கரையும். ஐரோப்பாவின் நீலச் சிப்பி 20 டிகிரியைத் தாண்டினால் தளரும். 27, 28 டிகிரி நீடித்தால் சாகத் தொடங்கும். கேரளத்தில் கல்லும்மக்காய் எனப்படும் பச்சைச் சிப்பிக்கோ அதே வெப்பம்தான் சுகம். கயிற்றில் கட்டி வளர்த்தால் ஐந்தாறு மாதத்தில் 6 சென்டிமீட்டரைத் தாண்டும். அங்கே ஆபத்து பருவமழை: நன்னீர் புகுந்து உப்பு குறைந்தால் சிப்பி செத்துப்போகும் என்பதால் அதற்குள் அறுவடையை முடித்தாக வேண்டும்.

வெப்பத்தை மட்டும் பார்ப்பவர்களைக் குழப்பும் இடம் ஸ்பெயினின் கலீசியா. ஆழ்கடலின் குளிர்ந்த நீர் மேலெழுந்து அங்குள்ள கடற்கழிகளுக்குள் புகுகிறது. குளிர்ந்தாலும் அது சத்து நிறைந்த நீர், நுண்பாசி செழிக்கிறது. மிதவைகளிலிருந்து 12 மீட்டர் வரை தொங்கும் கயிறுகளில் வளரும் சிப்பிகள் ஐரோப்பாவிலேயே வேகமாக வளர்பவற்றில் சேரும். இரை குறைவான வெதுவெதுப்பான கடலைவிட இரை மிகுந்த குளிர்ந்த கடல் மேல்.

இரண்டு கரைகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அளவெடுப்பதில். ஓட்டின் நீளத்தை மட்டும் அளந்தால் ஏமாறுவோம். முட்டையிட்டு முடித்த சிப்பியில் ஓடு பெரிதாக இருக்கும், சதை வற்றியிருக்கும். உலர்த்திய சதையையும் ஓட்டையும் தனித்தனியே எடை போடுவது நல்லது. பாறையின் மேல்மட்டத்தில் இருப்பது ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) வற்றும்போதெல்லாம் பட்டினி கிடக்கும். அதனால் இரு கரையிலும் ஒரே ஓத மட்டத்தில் இருப்பவற்றையே எடுக்க வேண்டும்.

வயது பார்க்க, ஓட்டை மூட்டுப் பகுதியிலிருந்து விளிம்புவரை நெடுக்காக அறுத்து, வெட்டுமுகத்தை மெருகேற்றி வளையங்களை எண்ணுவார்கள். ஓட்டின் வெளிப்புறத்தை நம்ப முடியாது; புயல், முட்டையிடுதல், பண்ணையில் கையாண்டது எல்லாமே அங்கே பொய்க் கோடு போட்டிருக்கும். வளர்ச்சி மந்தமாகி வளையம் விழும் பருவமும் ஊருக்கு ஊர் மாறும்: மெர்செனாரியாவுக்கு வடக்கில் அது குளிர்காலம், புளோரிடாவில் கோடை. இப்படி எண்ணித்தான் 2006இல் ஐஸ்லாந்துக் கடலில் எடுத்த ஆர்க்டிகா மட்டிக்கு 507 வயது என்று கண்டார்கள். அத்தனை வயதுக்கும் அதன் ஓடு 9 சென்டிமீட்டர்கூட இல்லை.

மெதுவான வளர்ச்சி எப்போதும் நட்டமும் அல்ல. ஜப்பானின் அகோயா முத்துச் சிப்பி, மன்னார் வளைகுடா முத்துச் சிப்பிக்கு மிக நெருங்கிய உறவு. மன்னாரில் தண்ணீர் ஆண்டு முழுதும் வெதுவெதுப்பாக இருப்பதால் முத்துப்பூச்சு இடைவிடாமல் படியும். ஜப்பானில் குளிர்காலத்தில் அது மந்தமாகி, மெல்லிய, சீரான அடுக்குகளாகப் படியும். பளபளப்பு கூடுவது அப்போதுதான் என்பதால் அங்கே முத்தெடுப்பது பெரும்பாலும் குளிர்காலத்தில்.