‘டெல்டேல்’: தமிழில் எப்படிச் சொல்வது?

எங்கள் புளோக்கின் மின்தூக்கிக்குப் பக்கத்தில் மோசடி பற்றி ஒரு சுவரொட்டி. ஆங்கிலத்தில் ‘டெல்டேல் சைன்ஸ்’ (telltale signs). கீழே தமிழில் ‘அறிகுறிகள்’. பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் சளி, காய்ச்சலுக்குச் சொல்வது போல இருக்கிறது.

‘டெல்’ என்றால் சொல், ‘டேல்’ என்றால் கதை. 16ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஆளைத்தான் குறித்தது: கோள்சொல்லி. அப்புறம் வாயில்லாப் பொருள்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பாய்மரப் படகுக்காரர்கள் பாயின் இரு பக்கமும் கம்பளி நூல் ஒட்டி வைப்பார்கள். இரண்டும் நேராகப் பின்னோக்கிப் பறந்தால் பாய் சரியாக நிற்கிறது. ஒன்று படபடத்தால் சரியில்லை. அந்த நூலுக்கு ‘டெல்டேல்’ என்று பெயர். பழைய கட்டடத்தில் விரிசலுக்குக் குறுக்கே ஒட்டும் கண்ணாடித் துண்டுக்கும் அதே பெயர்தான். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடைந்து சொல்லிவிடும்.

தமிழில் ‘தடயம்’ என்பது செயல் முடிந்தபின் எஞ்சுவது. ‘துப்பு’ தேடுகிறவன் கையில் சிக்குவது. டெல்டேல் இரண்டுமில்லை, யாரும் கேட்காமலே அதுவாக உளறிவிடும்.

போன டுரியான் பருவத்தில் நண்பர் ஒருவர், ரயிலில் டுரியானுக்குத் தடை என்று தெரிந்தும், மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றிப் பழத்தை எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோனார். இரண்டு நிலையம் தாண்டவில்லை, எதிரே இருந்த பாட்டி மூக்கைச் சுருக்கினார். இதை ‘அறிகுறி’ என்றா சொல்வோம்? வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது என்போம்.

நமக்கு இங்கே கைகொடுப்பது பெயர்ச்சொல் இல்லை, வினைச்சொல். அதிலும் அந்த ‘கொடு’ இருக்கிறதே! சமைத்துக்கொடு, எழுதிக்கொடு என்னும்போது அடுத்தவருக்கு உதவி. காட்டிக்கொடு, போட்டுக்கொடு என்றால் அதே உதவி எதிராளிக்குப் போய்விடுகிறது. ‘சொல்லிக்கொடு’ இரண்டு பக்கமும் நிற்கும்: ஆசிரியர் பாடம் சொல்லிக்கொடுக்கிறார், பக்கத்து இருக்கைப் பையன் ஆசிரியரிடம் நம்மைச் சொல்லிக்கொடுக்கிறான். அசல் டெல்டேல் அவன்தான்.

அந்தச் சுவரொட்டியில் நானாக இருந்தால் ‘மோசடியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள்’ என்று போடுவேன். இடம் போதாது என்பார்கள். எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் ஆயிற்று. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவர் ஓடிபி கேட்டாரா? அந்தக் கேள்வியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.