டையில் பீஸ் சிக்கினால் விரலை விடாதீர்கள்

வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஒரு பவர் பிரஸ்ஸை (தகட்டை அடித்து வெட்டும் மெஷின்) போட்டு வாஷர், கிளாம்ப் அடித்துக் கொடுப்பவர்கள் நிறைய. டையை, அதாவது தகட்டை வெட்டும் அச்சைப் பொருத்திச் சரிசெய்யும் டை செட்டிங்குக்கு என்னைக் கூப்பிடும்போது பெரும்பாலும் ஒரே புகார்தான்: "காலையில நல்லா வந்துச்சு, மத்தியானத்துக்கு மேல பீஸ் ஒரே மாதிரி வரல." அடித்த பீஸை எப்படி வெளியே எடுக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். பீஸ் கெடத் தொடங்கும்போதுதான் கையும் உள்ளே போகத் தொடங்குகிறது.

மைல்டு ஸ்டீல் தகட்டுக்குப் மேலிருந்து இறங்கி வெட்டும் பஞ்சுக்கும் கீழே இருக்கும் டைக்கும் நடுவே ஒரு பக்கத்துக்குத் தகட்டுக் கனத்தில் சுமார் 5 முதல் 10 சதவீதம் கிளியரன்ஸ், அதாவது இடைவெளி வைப்போம். 1 மி.மீ. தகட்டுக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. வரும். பஞ்ச் முனை மழுங்கினாலோ, போல்ட் தளர்ந்து டை இம்மி நகர்ந்தாலோ பிசிறு வரும். பிசிறு வந்தால் பீஸ் சரியாக விழாது, தகடு பஞ்சைக் கவ்விக்கொள்ளும். ஓட்டுபவர் விரலால் தட்டிவிடுவார். அந்த நேரம் பார்த்துக் கால் பெடலில் அழுந்தினால் முடிந்தது.

அதனால் முனையை நேரத்துக்குச் சாணை பிடியுங்கள். பஞ்சில் கவ்விய தகட்டைக் கழற்றிவிடும் ஸ்ட்ரிப்பர் பிளேட் இல்லாமல் ஓட்டாதீர்கள். விலை மலிவென்று வாங்கும் துண்டுத் தகட்டில் 0.9, 1.2 மி.மீ. கனமெல்லாம் கலந்திருக்கும். மைக்ரோமீட்டரில் பார்த்துப் பிரிக்காவிட்டால் எந்த செட்டிங்கும் நிற்காது. முதல் நல்ல பீஸைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அவ்வப்போது அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறொரு விஷயத்தில். பெடலை மிதித்ததும் ஒரு கீ, அதாவது இரும்புச் சாவி மாட்டிக்கொண்டு ஓட்டும் பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸில் அந்தக் கீயோ ஸ்பிரிங்கோ தேய்ந்துவிட்டால், ஒருமுறை மிதித்தாலும் பஞ்சைத் தாங்கி இறங்கும் ராம் இரண்டு முறை இறங்கும். "டபுள் அடிக்குது" என்று சொல்லிக்கொண்டே ஆர்டரை முடிக்கப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு தடவை அப்படி நடந்தாலும் அன்றைக்கு மெஷினை நிறுத்திவிட வேண்டும். மோட்டாரை அணைத்தது மட்டும் போதாது. ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றி ஓயும்வரை ராம் இறங்கலாம்.

டையைச் சுற்றி 6 மி.மீ.க்கு மேல் திறப்பில்லாத கம்பிக் கூண்டு அடித்துவிட்டால் தகடு நுழையும், விரல் நுழையாது. உள்ளூர் வெல்டரே செய்து தருவார். சிக்கிய பீஸை எடுக்க ஒரு காந்தக் கோலோ நீளமான இடுக்கியோ போதும்.

அதையும் மீறி விரல் துண்டானால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது. நம் பக்கத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நசுங்கிப்போயிருக்கிறதே என்று விரலைத் தூக்கிப் போட்டுவிடாமல் கூடவே எடுத்துப் போங்கள். ஒட்டவைக்க முடியுமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.